எழுத்து ஊருக்கு, முகவரி வீட்டுக்கு – வலைப்பதிவு: முதற்பாடம்



நம் பிள்ளைகள் தமிழில் எழுதும் கட்டுரைகளை இணையத்தில் வெளியிடலாமா, கூடாதா என்பது பற்றி நம்மிடையே இரு வேறு கருத்துகள் உண்டு. “நாலு பேர் படித்தால்தானே பிள்ளைக்கு ஊக்கம் வரும்?” என்பார் ஒரு சாரார். “பிள்ளை எழுதியதை உலகமெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்? வீண் வம்பு!” என்பார் மறு சாரார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயமும் கெடாமல் தொடங்குவது எப்படி என்பதே இப்பாடம். புதிதாகத் தொடங்குவோருக்காக எழுதுவதால், கணினி நன்கறிந்தவர்கள் பொறுத்தருள்க.

என் தவறு ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். எல்லைக்கு அப்பாலிருந்து அமரவிளைப் பக்கம் குடிவந்த குடும்பம். பாட்டா இளமையில் பனையேறியவர். அவர் அக்கானி இறக்கியதையும், வீட்டில் கருப்பட்டி காய்ச்சும்போது எழும் மணத்தையும் அவள் எழுதியிருந்த அழகைக் கண்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே அதை ஒரு வலைப்பதிவில் ஏற்றினேன். பெயரை முழுதாகப் போடாமல் முதலெழுத்தை மட்டும் போட்டேன். பாதுகாப்புக்கு அது போதும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய தாயார் என்னைத் தேடி வந்தார்.

“சாரே, பிள்ளை பஸ்ஸுக்கு நிக்கிற இடத்துல யாரோ ஒருத்தர் வந்து, ‘பாட்டாவுக்கு முட்டுவலி இப்ப எப்படி இருக்கு மக்களே’ன்னு கேட்டிருக்காரு. இவளுக்கு அவரை யாருன்னே தெரியாது. அன்னையில இருந்து தனியா போக மாட்டேங்கா” என்றார்.

கேட்டவர் கெட்டவர் அல்லர் என்று பிறகு தெரிந்தது. பக்கத்து ஊர்க்காரர், கட்டுரையைப் படித்து மகிழ்ந்து, அன்பினால் விசாரித்தவர். ஆனால் அவருக்கு ஆள் எப்படித் தெரிந்தது? கட்டுரையை மீண்டும் எடுத்துப் படித்தேன். பஸ் நிற்கும் இடம் அதில் இருந்தது. நேரம் இருந்தது. தந்தை வெளிநாட்டில் இருக்கும் செய்தி இருந்தது. நான் சேர்த்த படத்தில் பள்ளிச் சீருடை தெரிந்தது. நல்லவர் ஒருவர் இவ்வளவு எளிதாக வந்து சேர முடிந்தது என்றால், அல்லாதவரும் அப்படியே வந்திருக்கலாம் அல்லவா?

கட்டுரையை நீக்கினோம். அந்தப் பெண் அதன்பின் ஓராண்டுக் காலம் எதுவும் எழுதவில்லை. எழுதாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆயினும் பேனா நின்றுவிட்டது. பிழை அவளுடையதன்று, என்னுடையது. (தாயாரின் இசைவோடுதான் இதனை எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை இங்கும் மாற்றியே தந்துள்ளேன்.)

வலைப்பதிவு என்பது யாது?

ஒருவர் இணையத்தில் நாட்குறிப்புப் போலத் தொடர்ந்து எழுதிவரும் பக்கமே வலைப்பதிவு. வலைப்பூ என்றும் சொல்வர். புதிதாக எழுதியது மேலே நிற்கும். பழையது கீழே போகும். படிப்பவர் அடியில் தம் கருத்தை எழுதலாம். 1997-இல் இதற்கு ‘வெப்லாக்’ என்ற பெயர் தோன்றி, 1999-இல் ‘பிளாக்’ என்று சுருங்கியது. யாரும் காசில்லாமல் எழுதுவதற்கு இடம் தரும் பிளாக்கர் 1999-இலும், வேர்ட்பிரஸ் 2003-இலும் வந்தன.

தமிழில் இதற்கு ஒரு தடை இருந்தது. ஒருவர் கணினியில் அடித்த தமிழ், மற்றவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு பரவியதும் எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது. 2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. அவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிக் காட்ட 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். இன்றோ கைப்பேசியிலேயே தமிழ் அடிக்கலாம். ஆகவே கருவி இல்லை என்ற குறை நமக்கு இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நாட்குறிப்பை எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைப்போம். வலைப்பதிவோ நாற்சந்திச் சுவரில் ஒட்டிய நோட்டீசு. யார் படித்தார் என்று எழுதியவருக்குத் தெரியாது. கிழித்தெடுத்த பிறகும் அதன் நகல் யார் கையில் இருக்கிறது என்றும் தெரியாது.

பிறகு ஏன் எழுத வேண்டும்?

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை எல்லாம் அந்த வட்டத்து ஊர்கள். இங்கே நெடுங்காலமாக வாழும் தமிழரும் உண்டு. தொழில், திருமணம் காரணமாகப் பின்னர் வந்த நம்மைப் போன்றோரும் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். வெளியே மலையாளம் பேசுகிறார்கள். இரண்டு மொழி அறிவது நன்றே. ஆனால் பேசத் தெரிந்த தமிழை எழுதத் தெரியாமல் போகிறது.

கேரள அரசு தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல்கள் அச்சிடுகிறது. எனினும் தேர்வுக்கு எழுதுவது வேறு, ஒருவர் படிப்பார் என்று எழுதுவது வேறு. துபாயில் இருக்கும் மாமாவும் நாகர்கோவிலில் இருக்கும் அத்தையும் படிப்பார்கள் என்றால், பிள்ளை ஒற்றெழுத்தைக் கூடத் திரும்பப் பார்த்து எழுதும். ‘அக்கானி’, ‘வடலி’ போன்ற நம் வட்டாரச் சொற்களும் அவர்கள் எழுத்தில் ஏறி நிலைக்கும். ஆகையால் அச்சத்தால் கதவை அடைப்பது விடையன்று.

நம் ஊரில் ஒளிவது கடினம்

பெயரைப் போடாதே என்று நகரத்துப் புத்தகங்கள் சொல்லும். பெருநகரில் ‘எங்கள் தெருவில் ஒரு தாத்தா’ என்றால் ஆயிரம் தெரு, ஆயிரம் தாத்தா. நம் ஊரில் அப்படியல்ல. நெய்யாற்றுப் பாலம் ஒன்று, நெடுஞ்சாலை ஒன்று. தமிழ் பேசும் வீடு எது என்று பால்காரருக்கும் தெரியும். பெயரே இல்லாவிட்டாலும் மூன்று விவரம் சேர்ந்தால் ஆள் வெளிப்பட்டுவிடும். எனவே வெளியிடுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. யார் என்று தெரிகிறதா? (பெயர், வீட்டுப்பெயர், முகம், பிறந்தநாள்)
2. எங்கே என்று தெரிகிறதா? (வீடு, பஸ் நிறுத்தம், டியூஷன் நடக்கும் இடம்)
3. எப்போது என்று தெரிகிறதா? (அன்றாடம் போய்வரும் நேரம்)
4. எந்தப் பள்ளி என்று தெரிகிறதா? (சீருடை, அடையாள அட்டை, பள்ளி வண்டி)
5. வீட்டில் யார் இல்லை என்று தெரிகிறதா?

ஐந்தாவது கேள்வி நம் குடும்பங்களுக்கு மிக முக்கியம். “அப்பா கல்ஃபில் இருக்கிறார்” என்பது பிள்ளைக்கு ஏக்கம். அந்நியர் ஒருவருக்கு அது தகவல். அதுபோலவே, “நாளை எல்லோரும் திருச்செந்தூர் போகிறோம்” என்று எழுதினால் வீடு பூட்டிக் கிடக்கும் என்று அறிவித்ததாகும். பயணக் கட்டுரையைத் திரும்பி வந்த பிறகு வெளியிடுக.

இவற்றை நீக்கினால் கட்டுரை சப்பென்று ஆகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். கீழே உள்ள எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

முன்: “தினமும் காலை ஏழே முக்காலுக்குப் பாலத்தருகே பஸ் ஏறுவேன். அப்பா துபாயில் இருப்பதால் பாட்டாதான் துணைக்கு வருவார்.”

பின்: “காலையில் பாட்டா தடியை ஊன்றிக்கொண்டு என்னோடு வருவார். வழியில் ஒரு பனையைக் கண்டால் நின்று அண்ணாந்து பார்ப்பார். ‘இதுல ரெண்டு வருசமா யாரும் ஏறல்ல’ என்பார்.”

இடத்தையும் நேரத்தையும் எடுத்துவிட்டு, “பாட்டா வழியில் என்ன செய்வார்?” என்று பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். முகவரி போன இடத்தில் பாட்டா வந்துவிடுகிறார். எழுத்தும் உயர்கிறது. எழுத்து ஊருக்கு, முகவரி வீட்டுக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

தொடங்கும் முறை

கணக்கு யார் பெயரில்? பல இணைய நிறுவனங்கள் 13 வயது நிறையாதவர் தாமே கணக்குத் தொடங்க இடம் தருவதில்லை. இந்தியாவில் 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையென்றே கொள்கிறது. அவர்களைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைந்துள்ளன. எனவே கணக்கைத் தாயோ தந்தையோ ஆசிரியரோ தொடங்குக, பிள்ளை எழுதுக. வயதைப் பொய்யாகக் கூட்டிப் போடுவது பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் முதல் பொய்யாகிவிடும்.

கடவுச்சொல்: பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது கடவுச்சொல் அன்று; யாரும் ஊகிப்பர். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக அமைக்கலாம். வங்கிக்கும் இதற்கும் ஒரே சொல்லை வைக்கக் கூடாது. கைப்பேசிக்கு எண் அனுப்பிச் சரிபார்க்கும் இரண்டாம் பூட்டு இருந்தால் அதையும் இட்டுக்கொள்க. அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லலாகாது.

புனைபெயர்: இது ஒளிந்துகொள்ளும் வழி மட்டும் அன்று, நம் மரபும் ஆகும். ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனார், சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார், எஸ். ரங்கராஜன் சுஜாதா ஆனார். பிள்ளை தனக்கொரு பெயர் சூட்டிக்கொள்ளட்டும். அதனுடன் ஊரையோ பிறந்த ஆண்டையோ ஒட்ட வேண்டாம்.

மூடிய வாசல்: நாம் அழைத்தவர் மட்டுமே படிக்கும்படி பக்கத்தை வைத்துக்கொள்ளும் வசதி பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் உண்டு. முதல் பத்துக் கட்டுரைகளை உறவினருக்கு மட்டும் திறந்து வைத்துப் பழகுக. பிறகு பொதுவில் திறக்கலாமா என்று பிள்ளையோடு கலந்து முடிவு செய்க.

படம்: பல கைப்பேசிகள் படம் எடுத்த இடத்தையும் படத்துக்குள்ளேயே பதித்துவிடும். சில தளங்கள் ஏற்றும்போது அதை நீக்கும், சில நீக்கா. கேமராவின் அமைப்புகளில் இடப்பதிவை நிறுத்திவிடுக. வீட்டு முகப்பு, வண்டி எண், சீருடை வேண்டாம். பிள்ளை கையால் வரைந்த படமே மேல்.

கருத்துரை: நாம் பார்த்து இசைந்த பின்னரே கருத்து வெளியாகும்படி வைக்கலாம், அப்படியே வைக்க வேண்டும். வசை வந்தால் பதில் எழுதாமல் நீக்குக. எந்தப் பள்ளி, போன் நம்பர் என்ன, ஒரு படம் அனுப்பு என்று கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. முக்கியமாக, “அம்மாவிடம் சொல்லாதே” என்பவரைப் பற்றித்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குக.

ஓர் இரவு ஆறப் போடுக: எழுதியதை அன்றே ஏற்றாமல் மறுநாள் இன்னொருவர் படித்த பிறகு ஏற்றுக. கோபத்தில் எழுதியது காலையில் நமக்கே பிடிக்காது. பிறர் கவிதையையோ படத்தையோ எடுத்து ஒட்டுவதும் கூடாது. 1957-இன் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு.

பள்ளிகளின் கவனத்திற்கு

இவ்வகையில் கேரளம் முன்னோடி. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. 2017-இல் அது கைட் நிறுவனம் ஆயிற்று. 2009-இல் பள்ளிக்கூடங்கள் தாமே தம் வரலாற்றையும் ஊர்ச் செய்திகளையும் எழுதிச் சேர்க்கும் ஸ்கூல் விக்கி தொடங்கப்பட்டது. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. 2022-இல் ‘அம்ம அறியான்’, அதாவது அம்மா அறிவதற்கு, என்ற பெயரில் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. கற்பித்தவர்கள் லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள்! பிள்ளைகளிடம் கற்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

பள்ளியோ தமிழ் வகுப்போ வலைப்பதிவு தொடங்கும்போது, பிள்ளைக்கொரு பக்கம் என்றில்லாமல் வகுப்புக்கொரு பக்கமாகத் தொடங்குவது நலம். பெற்றோரிடம் எழுத்தால் இசைவு பெறுக. பிள்ளையிடமும் வாயால் கேட்க. பெயரும் முகமும் ஒருங்கே வரக் கூடாது. சாவி இரண்டு ஆசிரியர்களிடம் இருக்கட்டும். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் பக்கம் அநாதை ஆகாது. நீக்குங்கள் என்று எவர் கேட்டாலும், காரணம் கேட்காமல் அன்றே நீக்குக.

நெய்யாற்றின்கரை தந்த பாடம்

எழுதியதற்காக நாடு கடத்தப்பட்டவர் ஒருவர் நம் வட்டத்திலேயே பிறந்தார். ‘சுவதேசாபிமானி’ இதழின் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்தவர். இதழின் உரிமையாளர் வக்கம் மௌலவி. திருவிதாங்கூர் ஆட்சியையும் திவான் ராஜகோபாலாச்சாரியையும் அவ்விதழ் கடுமையாகச் சாடியது. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது; ஆசிரியர் திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். 1916-இல் கண்ணூரில் மறைந்தார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் வளர்ந்த மனிதர். விலை என்னவென்று தெரிந்தே தம் பெயரில் எழுதினார். அதனால் நாம் போற்றுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த விலை தெரியாது. ஆகவே அது தெரியும் வயது வரும் வரை பிள்ளையின் பெயரை நாம் பத்திரமாக வைத்திருந்து கொடுக்க வேண்டும்.

சட்டத்தையும் சிறிது அறிக. 2015 மார்ச் 24-இல் உச்சநீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும், அதனோடு கேரளக் காவல்துறைச் சட்டத்தின் 118(டி) பிரிவையும் செல்லாதென நீக்கியது. இணையத்தில் எழுதும் உரிமைக்கு அது வலுவூட்டியது. எனினும் அவதூறு இன்றும் குற்றமே. ஆசிரியரையோ அயலாரையோ பெயர் சொல்லி இழித்து எழுதுவது உரிமையாகாது.

தவறு நேர்ந்துவிட்டால்

பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லாது; அதுவே பெரிய ஆபத்து. மிரட்டலோ ஆபாசமோ வந்தால் பதில் எழுதாமல், திரையை அப்படியே படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து வைத்துக்கொள்க. பிறகு கருத்தை மறைத்துவிட்டுப் புகார் செய்க. இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய தொலைபேசி எண்கள் நாடு முழுவதற்கும் உண்டு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களைப் பெயர் தராமலும் பதியலாம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதுக. ஐந்து கேள்விகளையும் கேட்டு, அடையாளம் காட்டும் சொற்களைச் சிவப்பு மையால் கோடிடுக.
2. கோடிட்ட ஒவ்வோர் இடத்திலும், அவர் செய்யும் செயல் ஒன்றையோ பேசும் பேச்சு ஒன்றையோ எழுதி நிரப்புக.
3. அதனைப் பக்கத்து ஊர் நண்பரிடம் கொடுத்து, யார் என்று கண்டுபிடிக்கச் சொல்க. முடியவில்லை என்றால் வெளியிடலாம்.
4. பெற்றோருக்கு: நீங்கள் முன்பு முகநூலிலும் வாட்சாப்பிலும் போட்ட பிள்ளைகளின் படங்களை இதே ஐந்து கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். (எனக்கு இதில் கிடைத்த மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன்.)

தொடக்கத்தில் சொன்ன மாணவி இப்போது மீண்டும் எழுதுகிறாள், தானே சூட்டிக்கொண்ட ஒரு புனைபெயரில். அது என்ன பெயர் என்று இங்கே எழுதுவது முறையாகாது. அவள் எழுதியதைப் பாட்டாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். “இது நம்ம வீட்டுக் கதை போலல்லா இருக்கு!” என்றாராம் அவர்.

வீட்டுக்கு ஒருவராவது தமிழில் எழுதத் தொடங்குவோம். வளர்க தமிழ்!